வரிசை எண் ஒன்று கடைசியில் விதைத்த பருவம்

விதி தெளிவாகவே இருக்கிறது. விடுப்பில் செல்பவர் தம் பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பவற்றுக்குப் பட்டியல் வேண்டும். ஏற்றுக்கொள்பவர் பட்டியலைச் சரிபார்த்து, முற்பகலா பிற்பகலா என்று குறித்து, கையெழுத்திட வேண்டும். மூன்று பிரதிகள். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விதியில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பொறுப்பை ஏற்க வேண்டியவர் ஆட்டுப்பட்டியில், ஒரு குட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதன் கால் புண்ணில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவார்?

புரட்டாசி பிறந்திருந்தது. பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பேச்சியம்மாளின் பட்டியில் ஆட்டு மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. நான் ஒப்படைப்புக் குறிப்பின் நான்கு பக்கங்களைப் பின் அடித்து, வேட்டி நுனி சாணியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அறுபது உருப்படி ஆடுகளை மேய்க்கிறவர். குட்டி கத்தியது, நான் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வாசிக்க நேரமில்ல அண்ணாச்சி. வாயால சொல்லுங்க."

நான்கு பக்கத்தையும் வாயால் எப்படிச் சொல்வது? அதுவும் உட்பிரிவுகளோடு?

ஒரு டிராக்டர், ஓர் ஆள்

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம் எதையும் நான் செய்யவில்லை. ஒரு டிராக்டரும், அதன் பின்னால் மாட்டுகிற விதைப்புக் கலப்பையும் வாங்கி, வாடகைக்கு விதைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஓட்டுவதற்குக் கணேசன். மற்ற எல்லாவற்றுக்கும் நான்.

போன் எடுப்பது, பெயர் பதிவது, டீசல் வாங்குவது, கலப்பையின் குழாயில் அடைத்த மண்ணைக் குச்சியால் குத்துவது, கணேசனுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது எல்லாம் என் தலையில். கணேசனுக்கு வயது நாற்பத்தைந்து. பசித்தால் அவனே சாப்பிடுவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்போம். கரிசல் காட்டுக்குக் கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. மழை விழ வேண்டும். விழுந்த அன்றே இறங்கினால் மண் டயரில் இட்லி மாவு போல அப்பிக்கொண்டு டிராக்டரை உள்ளே இழுத்துவிடும். ஐந்தாறு நாள் தாமதித்தால் மேல் ஈரம் ஓடிவிடும், விதை முளைக்காது. நடுவில் இரண்டு மூன்று நாள்தான் பதம். அந்த இரண்டு மூன்று நாளில் முப்பத்தொரு பேருக்கும் நான் ஒருவனே வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி மூப்புப் பட்டியல். முதலில் பதிந்தவருக்கு முதல் விதைப்பு. கூப்பிடும்போது வேண்டாம் என்பவர் பட்டியலின் கடைசிக்குப் போவார். இது ஐந்தாம் விதி. சிபாரிசு இல்லை, உறவு இல்லை. இதைவிட நேர்மையான ஏற்பாடு இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று எனக்குள் ஒரு பெருமிதம் இருந்தது.

வரிசை எண் ஒன்று, ஒவ்வொரு வருஷமும், குளத்தூர் சங்கரபாண்டி வாத்தியார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சித்திரை பிறந்த அன்று காலை நான் குளித்து முடிக்கும் முன்பே அவரிடமிருந்து போன் வந்துவிடும்.

குளம்புச் சோதனை

பேச்சியம்மாள் எனக்குப் பழக்கமானது ஒரு விபத்தில். இந்தப் புரட்டாசிக்கு முந்தின வருஷமோ அதற்கும் முந்தினதோ, பட்டியலில் நான்காவது பெயருக்கு உரிய காட்டில் கணேசன் டிராக்டரை இறக்கினான். பக்கத்து வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள், இன்னும் ரெண்டு நாள் கழியட்டும் என்றாராம். பட்டியலில் இன்றைக்குத்தான் போட்டிருக்கிறது என்று கணேசன் சொன்னானாம். என்னிடம் பயிற்சி பெற்றவன்.

டிராக்டர் அச்சு வரை புதைந்தது. இரண்டு நாள் அங்கேயே நின்றது, யாரோ நட்டு வைத்தது போல. வேறொரு டிராக்டரும் ஒரு சங்கிலியும் ஊரில் பாதிப் பேரும் சேர்ந்து வெளியே இழுத்தார்கள்.

அன்று வரப்பில் நின்று பேச்சியம்மாள் எனக்குப் பாடம் நடத்தினார். ஆட்டைக் காட்டுக்குள் விட வேண்டும். குளம்பில் மண் ஒட்டினால் டிராக்டர் இறங்கக் கூடாது. குளம்புத் தடம் பளிச்சென்று விழுந்து, ஓரம் மட்டும் லேசாக உதிர்ந்தால் அன்றே விதைக்க வேண்டும். தடமே விழவில்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். முடிந்தது சோதனை. கருவி தேவையில்லை, ஆடு போதும்.

அதன் பிறகு மழைக்காலத்தில் தினமும் காலையில் அவருக்குப் போன் செய்வேன். எந்தக் காட்டில் மழை, எங்கே இல்லை, எங்கே காய்கிறது என்று அவர் சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். குறித்துக்கொண்டு, பட்டியல்படியே டிராக்டரை அனுப்புவேன். தகவல் பெறுவது வேறு, அதன்படி நடப்பது வேறு. அலுவலகம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

பசை பீரோ

இந்த இடத்தில் எங்கள் பழைய அதிகாரி ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பெயர் வேண்டாம். குண்டூசி, பசை, ரப்பர் முத்திரை எல்லாவற்றையும் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு முறை குடும்பத்தோடு காசிக்குப் போனார். சாவியும் புண்ணியம் தேடிக் கூடவே போய்விட்டது.

சாவியை அனுப்பும்படி அவருக்கே கடிதம் எழுதினோம். உறையை ஒட்டப் பசை இல்லை. டைப்பிஸ்ட் அம்மாவின் மதியச் சாப்பாட்டிலிருந்து நாலு பருக்கை வாங்கி ஒட்டினோம். தயிர்ச்சாதம். உறை ஒட்டியது, ஆனால் எறும்பு பின்னாலேயே தபால் பெட்டி வரை வந்தது.

அவரைப் பற்றி ஓய்வு பெறும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் வாங்கிய இரண்டாம் மாதம் என் மனைவி கமலா, போனையாவது நான் எடுக்கிறேனே என்றாள். சரி என்று ஏழு கட்டம் போட்ட ஒரு பதிவேடு தயாரித்துக் கொடுத்தேன். பேசியவர் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், விதை என்ன, முன்பருவப் பயிர் என்ன, இப்படிப் போகும். மூன்றாவது போனில் ஒரு பெரியவர், சர்வே எண்ணைத் தேடப் போனவர் திரும்பவே இல்லை. கமலா பதிவேட்டை என் மடியில் வைத்துவிட்டு, "இது போனா, பரிச்ச பேப்பரா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கும் ஓர் அரைஞாண் கயிறு இருக்கிறது என்பதை அவள் அன்றே கண்டுபிடித்துவிட்டாள்.

வலது கண்

வலது கண்ணில் புரை. எதிரே வருவது பஸ்ஸா, சோளத்தட்டை ஏற்றிய வண்டியா என்று ஹாரன் அடித்த பிறகுதான் தெரியும். ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப் போட்டேன். ஒரு முறை மழை வந்தது என்று, இன்னொரு முறை மழை வரவில்லையே, வந்துவிடுமே என்று. திருநெல்வேலி டாக்டர் மூன்றாம் முறை தள்ளினால் பார்வைக்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பின் பத்து நாள் புழுதி ஆகாது, வெயில் ஆகாது.

புழுதியும் வெயிலும் இல்லாமல் எங்கள் கோவில்பட்டியில் எங்கே இருப்பது? பத்து நாளும் திருநெல்வேலியில் தன் தம்பி வீட்டில் என்று கமலா முடிவெடுத்தாள். போன் அவளிடம் இருக்கும், அணைத்தே இருக்கும் என்பதும் முடிவின் ஒரு பகுதி.

அந்தப் பத்து நாளில் மழை பெய்யாது என்று எந்த அலுவலகமும் சான்றிதழ் தராது. பெய்தால் முப்பத்தொரு குடும்பத்தின் ஒரு வருஷம், அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் நிற்கும். அப்படித்தான் நான் நான்கு பக்கங்களோடு ஆட்டுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு கேள்விகள்

வாயால் சொன்னேன். பேச்சியம்மாள் எண்ணெய் தடவி முடிக்கும் வரை கேட்டார். டீசல் எங்கே, கலப்பைச் சாவி எங்கே என்பதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். கணேசன் காலையில் எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பான் என்பது முதல் கேள்வி. ஏழு என்றேன்.

"நாஞ் சொன்னா அவன் கேப்பானா?"

மூன்றாம் பக்கத்தில் அது இருக்கிறது, கணேசனுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"தாளு கெடக்கட்டும் அண்ணாச்சி. அவன் கேப்பானான்னு கேக்குதேன்."

அங்கேயே கணேசனுக்குப் போன் போட்டேன். பேச்சியம்மாள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். பத்து நாளைக்கு இவர் சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் சரி என்றான். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் கேட்கவில்லை. பட்டியலுக்கு உட்பட்டு என்று சேர்த்தேன். பட்டியலை மாற்ற வேண்டியிருந்தால் என்னிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்றும் சேர்த்தேன்.

பேச்சியம்மாள் குட்டியை விடுவித்தார். அது நொண்டிக்கொண்டே தாயிடம் ஓடியது. என்னை ஒரு முறை பார்த்தார். தாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. எண்ணெய்க் கை பட்டு முதல் பக்கத்தில் ஒரு விரல் பதிந்தது. அதைக் கையெழுத்தாகக் கொள்ள விதியில் இடமிருக்கிறதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

முச்சந்தியில் நின்ற டிராக்டர்

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு மைத்துனர் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். நான்காம் நாள் மாலை ஜன்னல் வழியாக மண் வாசம் வந்தது. பிறகு தகரக் கூரையில் சடசடவென்று கேட்டது. கமலாவிடம் போனைக் கேட்டேன். ஒரே ஒரு நிமிஷம் என்றேன்.

"கண்ணுல ஆப்பரேசன் பண்ணும்போதே வாய்க்கும் ஒரு கட்டுப் போடச் சொல்லிருக்கணும்," என்றாள்.

பிறகு நடந்ததை எனக்குக் கணேசன் பாதியும் பேச்சியம்மாள் மீதியுமாகச் சொன்னார்கள். எங்கள் பக்கமும் பெய்திருக்கிறது; மழை விழுந்த மூன்றாம் நாள் காலை, பசுவந்தனைத் தெற்குக் காடு பதமாக இருக்கிறது, வண்டியை விடு என்று பேச்சியம்மாள் சொல்லியிருக்கிறார். கணேசன் பிரதியைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். வரிசை எண் ஒன்று குளத்தூர். மாற்ற வேண்டுமானால் முன் அனுமதி. எனக்குப் போன் செய்திருக்கிறான். அணைத்திருக்கிறது. மறுபடியும் செய்திருக்கிறான்.

பதினோரு முறை செய்தானாம். ஊர் விலக்கு முச்சந்தியில் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்க, வெயில் ஏற ஏறக் காட்டில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் சேர்த்த இரண்டு வாக்கியங்கள் அத்தனை பெரிய வண்டியை நிறுத்தி வைத்திருந்தன.

பேச்சியம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டே முச்சந்திக்கு வந்தார். கணேசனைத் திட்டவில்லை. இடுப்பிலிருந்த தாளை எடுத்து, எட்டாம் வகுப்பு வரை படித்த கண்ணால் வரிசை எண் ஒன்றின் போன் நம்பரைத் தேடினார். வாத்தியாரைக் கூப்பிட்டார்.

உங்கள் காட்டில் மழை உண்டா என்று கேட்டார். ஒரு சொட்டு இல்லை என்றார் வாத்தியார். அப்படியானால் வண்டி வேறு பக்கம் போகட்டுமா என்றதும் அவர் தயங்கியிருக்கிறார். வேண்டாம் என்றால் கண்காணிப்பாளர் தன்னைக் கடைசிக்குத் தள்ளிவிடுவாரே என்று கேட்டிருக்கிறார்.

"அவிய ஆசுபத்திரியில படுத்துருக்காவ. இப்போ நாஞ் சொல்லுதேன். உங்க காட்டுல மழ விழுந்து பதம் வந்த அன்னைக்கி வண்டி உங்க வரப்புல நிக்கும். இத இந்தப் பையன்ட்டயும் உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

போனை நாற்பத்தைந்து வயதுப் பையனின் காதில் வைத்தார். பிறகு எண் இரண்டு. எண் மூன்று. ஆறு பேருக்கு மழை இல்லை. ஆறு பேரும் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். ஏழாவது பெயருக்கு உரியது பசுவந்தனைத் தெற்குக் காடு. என் பட்டியலின் ஒரு வரி கூட மீறப்படவில்லை. குறிப்புக் கட்டத்தில் கணேசன் ஆறு இடத்தில் 'சம்மதித்தார்' என்று எழுதியிருந்தான். உச்சிப் பொழுதுக்கு முன்பே டிராக்டர் காட்டில் இறங்கிவிட்டது.

குடையோடு ஒருவர்

பதினோராம் நாள் ஊர் திரும்பினேன். டிராக்டர் எங்கே என்று கேட்டதற்குக் குளத்தூர் என்றார்கள். கடைசிக் காடு அதுதான். வரிசை எண் ஒன்று முப்பத்தொன்றாவது ஆகியிருந்தது. கமலா தடுத்தும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை மூன்று பத்திகளாக மனதுக்குள் தயாரித்தேன்.

வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். கணேசன் கடைசி உழவுச்சாலின் முனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். உழுத மண் கறுப்பாக, பிசைந்த எள்ளுருண்டை போலப் புரண்டு கிடந்தது. புதுக் கண்ணால் பார்க்கும் முதல் காடு. இத்தனை கறுப்பா என்று ஆச்சரியமாக இருந்தது.

பதம் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் குடையை மடக்கிவிட்டுச் சொன்னார். பேச்சியம்மாள் போனிலேயே விளக்கினாராம். பக்கத்துக் காட்டிலிருந்து யாருடைய ஆட்டையாவது உங்கள் காட்டுக்குள் ஓட்டிவிட்டு, அது போன பின் குனிந்து தடத்தைப் பாருங்கள் என்று. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திய மனிதர், இரண்டு நாள் காலையில் அடுத்தவர் ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். முதல் நாள் குளம்பில் ஒட்டியது. இரண்டாம் நாள் ஓரம் உதிர்ந்தது. ஆட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

நான் மன்னிப்பின் முதல் பத்தியைத் தொடங்கினேன். அவர் கையை அமர்த்தினார்.

"ஓய், நாலு வருசமா மொத ஆளாப் பேரு குடுத்து, மொத ஆளாப் புழுதியில வெதச்சேன். பசுவந்தனையில மழன்னா ஒம்ம வண்டி இங்க வந்து நிக்கும். வேண்டாம்னா கடைசின்னு ஒரு விதி வச்சிருக்கீரு. பயந்துக்கிட்டே வெதச்சேன். பாதி மொளைக்காது. என் மண்ணுதான் சரியில்லன்னு நெனச்சிருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"மனு எழுதித்தான் குடுக்கணும்னு சொல்லிருப்பீரு."

சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

ஐந்து வரைவுகள்

ஊர் திரும்பியதும் பேச்சியம்மாளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இனி ஒவ்வொரு பருவமும் எந்தக் காடு, எந்த நாள் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பாக இருக்கட்டும். வாடகையில் அவருக்கும் பங்கு உண்டு. ஏற்றுக்கொள்கிறாரா என்று பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். நான்கு வரியில் முடிய வேண்டியது.

முதல் வரைவில் 'பட்டியலுக்கு உட்பட்டு' என்று இருந்தது. அடித்தேன். இரண்டாவதில் 'பொதுவாக' என்று வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் 'அவசியம் ஏற்பட்டால் என்னைக் கலந்து'. நான்காவதைக் கமலா வாங்கிப் படித்துவிட்டு, இதுக்கு நீங்களே ஆடு மேய்க்கலாம் என்றாள். ஐந்தாவதில் ஒரு 'ஆனால்' கூட இல்லை. முப்பத்து நான்கு வருஷ உத்தியோகத்தில் அப்படியொரு கடிதம் நான் எழுதியதில்லை. சட்டை போடாமல் தெருவில் இறங்கியது போல இருந்தது. கணேசனிடம் கொடுத்து அனுப்பினேன்.

பதினைந்து நாள் போயிற்று. பதில் இல்லை. முதல் நினைவூட்டு அனுப்பினேன். ஐப்பசியில் பயிர் தலைகாட்டியது. கார்த்திகையில் பேச்சியம்மாளை வழியில் பார்த்தேன். ஆடுகளுக்குக் கால் நோய் என்று அரை மணி நேரம் பேசினார், கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டாம் நினைவூட்டை எழுதிக் கிழித்துப் போட்டேன். உளுந்து அறுத்தாயிற்று. வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு பை வந்தது, நன்றாகத் திரண்ட உளுந்து. கமலா வடை சுட்டாள்.

சித்திரை பிறந்தது. வாத்தியார் வழக்கம் போல முதலில் கூப்பிட்டார். இந்த வருஷம் வரிசையை யார் போடுகிறார்கள் என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். அவர் சிரித்தது பக்கத்தில் நின்ற கமலாவுக்கே கேட்டது. பெயர்களை எழுதினேன்; இடப்பக்கம் எண் போடும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். ஆடியில் காற்று அடித்தது. ஆவணியில் வானம் வெள்ளையாகவே கிடந்தது. எண் இல்லாத முப்பத்தொரு பெயர்களைத் தினமும் ஒரு முறை எடுத்துப் பார்த்து மூடி வைத்தேன்.

பிறகு ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது. கமலாதான் எடுத்தாள். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் பசுவந்தனைக்கு மேக்க நல்ல மழ. கணேசன்ட்ட சொல்லிட்டேன், நாளக் கழிச்சி அங்கன எறங்குதான். நீங்க கலப்பக் குழாயெல்லாம் அடப்பு எடுத்து வையுங்க. போன அக்கா எடுக்கட்டும், அவியதான் சுருக்கப் பேசுதாவ. குளத்தூருக்கு நாஞ் சொல்லும்போது அனுப்பினாப் போதும்."

சரி என்றேன். போனை வைத்துவிட்டார். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கடிதத்தின் அலுவலகப் பிரதி இன்னும் கோப்பில் இருக்கிறது. மத்தியானம் கை கழுவிவிட்டு வந்து அதன் ஓரத்தில் எழுதி வைத்தேன்: பதில் வரப்பெற்றது, புரட்டாசி முதல் புதன்கிழமை.